ஆளுக்கொரு தகடு

கூட்டமா அது? மருந்து பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் எள் போட இடமில்லை. மேடையில் நீல விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி. பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு டிஜிட்டல் ஞானி.

"மெஷின் உங்க நாடியை ஸ்கேன் பண்ணும். அல்காரிதம் தலையெழுத்தைப் படிக்கும். உலகத்துலேயே உங்களுக்குன்னு ஒரே ஒரு வட்டத் தங்கத் தகடு பிரிண்ட் ஆகி வரும். அடுத்தவங்க தகடு கையில ஜில்லுனு கிடக்கும். உங்களோடது மட்டும் சுடும்!"

பெட்டி உர்ர்ர் என்றது. கூட்டம் வாய் பிளந்தது.

இந்தப் புண்ணியவான்கள் யார் தெரியுமா? விடிந்தால் அடைந்தால் ஒரே அச்சில் ஒரே மாதிரி மூடி அடித்துத் தள்ளுகிறவர்கள். தனக்கென்று தனியாக ஒன்று என்றதும் சொக்கிப்போனார்கள்.

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு மருமகள் மட்டும் சொக்கவில்லை. அதே ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற அவள் மாமனாருக்கு மறுநாள் இதய ஆப்பரேஷன். மனுஷர் முந்தின நாள் கூட்டத்திலேயே தகடு வாங்கிவிட்டார், ஆப்பரேஷனுக்கு மாட்டேன் என்கிறார்.

"கத்தி எதுக்கும்மா? தகடு அடைப்பை எடுத்துடும்னு ஞானி சொல்லிட்டாரு."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா மாமா?"

"டாக்டர் எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான் தர்றாரு. இது எனக்குன்னு செஞ்சது!"

அவள் நேராக மேடையேறினாள்.

"ஐயா, ஒரு சின்ன ஆசை. தகடு வாங்கின அஞ்சாறு பேர் மேல வரட்டும். எல்லாத்தையும் கலந்துடுவோம். அவங்கவங்க தகட்டை அவங்கவங்களே கண்டுபிடிக்கட்டும்."

ஞானிக்கு வாயெல்லாம் பல். விளம்பரம் தானாக வீடு தேடி வந்தால் கசக்குமா? "தாராளமா பண்ணும்மா!"

மாமனாரையும் சேர்த்து ஆறு பேர் ஏறினார்கள். தகடுகளைக் கைப்பையில் வாங்கினாள். அதே பைக்குள் கைவிட்டு ஆறு தகடுகளை அள்ளி, ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினாள்.

முதலில் மாமனார். கண்ணை மூடினார், துழாவினார், ஒன்றை எடுத்து நெஞ்சோடு அழுத்தினார்.

"இதான்! சுடுது! அடைப்பு கரையிறது நல்லாத் தெரியுது!"

மற்ற ஐவருக்கும் சுட்டது. ஒரு அம்மாவுக்குக் கை கொப்பளிக்காத குறை.

"பார்த்தீங்களா?" என்று ஞானி மார்தட்டினார். "தகடு ஆளைத் தப்பவே தப்பாது!"

"அப்போ இதெல்லாம் யாரோடது?"

மருமகள் பையைக் கவிழ்த்தாள். மேஜையில் ஆறு தகடுகள் உருண்டன.

"உங்க தகடெல்லாம் என் பையை விட்டு வெளியவே வரலை. ஹெல்மெட்டுல இருந்தது என் மேஜைக்கு அடியில கிடந்த பாட்டில் உள்மூடி. நேத்து ராத்திரி தங்கப் பெயின்ட் அடிச்சது நான்!"



மாமனார் கையிலிருந்ததை நகத்தால் சுரண்டினார். தங்க நிறம் உரிந்தது. வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் அச்சு எண் நாலு. விறுவிறுவென்று மேஜையிலிருந்து ஞானியின் தகடுகளை எடுத்துச் சுரண்டினார். நாலு. நாலு. நாலு!

"அடப்பாவி! நாலாம் அச்சு சரியில்லைன்னு நான் கழிச்சுக் கட்டின மூடிடா இது! எங்க குப்பையை எங்க தலையிலேயே கட்டிட்டியே!"

யாரோ பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பழைய மிக்ஸி மோட்டார், மிச்சமெல்லாம் காற்று. உர்ர்ரின் ரகசியம் வெளியே வந்தபோது ஞானி பின்வாசல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தார். பின்வாசலில் பூட்டு. அவருடைய அல்காரிதம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கிளம்பும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் மாமனார். "கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடப் போறாங்க."

"டாக்டர் எல்லாருக்கும் ஒரே கத்திதானே வச்சிருப்பாரு, பரவாயில்லையா மாமா?"

"குத்திக் காட்டாதேம்மா, அந்த வேலையை நாளைக்கு அவரே பார்த்துப்பாரு."

அச்சு அசலாக ஆளுக்கென்றே தனித்தனியாகச் செய்த சாமான் ஒன்று அந்தக் கூட்டத்தில் எல்லாரிடமும் இருந்தது. கழுத்துக்கு மேலே. ஒருத்தி மட்டும்தான் அதற்கு ஸ்விட்சைப் போட்டாள்.