பால் கட்டியவளுக்கு எழுபத்திரண்டு கேள்விகள்

சர்க்கரை உருண்டைகளைக் கொண்டே சகல நோயையும் சமாளித்துவரும் என் மைத்துனர் அவர்களுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் காதும் நலமா? ஏதோ மரியாதைக்கு "நலம்" என்று எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லை எழுத இந்த வீட்டில் ஆறு நாள் பிடித்தது. ஏன் பிடித்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் காரமாக இருக்கும். உட்கார்ந்து படிக்கவும்.

போன திங்கட்கிழமை காலை உங்கள் அக்காள் மகள், "அம்மா, இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு, தொட்டா உயிர் போகுது" என்றாள். குழந்தை பிறந்து அன்றோடு இருபத்திரண்டு நாள். இது எனக்கு நேரடியாகத் தெரிவிக்கப்படவில்லை. "பால் கட்டிக்கிச்சு, செவந்து கெடக்கு" என்று உங்கள் அக்கா மாப்பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்ததும் நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். பெண்ணைப் பெற்றவன் இந்த மாதிரி சமயத்தில் செய்யக்கூடிய உதவி அதுதான் என்று அப்போது நினைத்தேன். உங்கள் அக்கா வெந்நீர் ஒத்தடம் என்றாள். மாடி வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து, "வெந்நீர் வெச்சா இன்னும் வீங்கும், முட்டைக்கோஸ் இலையக் குளுர வெச்சு மேல போடுங்க" என்றாள். மாப்பிள்ளை பிளம்பர். அடைப்பு என்று யார் சொன்னாலும் அவருக்குக் கை பரபரக்கும். "ப்ளாக் எங்கன்னு தெரிஞ்சா போதும் மாமா, அமுக்கி எடுத்துடலாம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனவர், போன வேகத்தில் வெளியே வந்தார். கதவு உள்ளே தாழிடப்பட்டது. அதற்குப் பரிகாரமாகக் கடைக்கு ஓடி ஐந்து முட்டைக்கோஸ் வாங்கி வந்தார். குளிர வைக்கச் சொன்னால் ஐஸ் கட்டும் தட்டில் வைத்துவிட்டார். இலை ஓட்டுத் துண்டு மாதிரி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு யாரோ சொன்னார்கள் என்று அவளைப் பச்சைப் பூண்டு நாலு பல் மெல்ல வைத்தோம். சாயங்காலம் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்களும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல் நூற்றிரண்டு. டாக்டரிடம் போகலாமா என்று மாப்பிள்ளை இழுத்தார். "கைக்கொழந்தைக்காரி, கண்ட மாத்திரையும் போட்டா பால்ல எறங்கிடும். எதுக்கு இருக்கான் என் தம்பி?" என்றாள் உங்கள் அக்கா. போனில் பேசினால் உங்கள் காதில் பாதிதான் விழும் என்பதால், விவரத்தை ஒரு தாளில் எழுதி மாப்பிள்ளையை ஸ்கூட்டரில் உங்கள் ஹோமியோபதி வைத்தியசாலைக்கு அனுப்பினோம். போனவர் மருந்தோடு வருவார் என்று பார்த்தால் நாலு பக்கத்தில் ஒரு பாரத்தோடு வந்தார். எழுபத்திரண்டு கேள்விகள்.

அன்பரே, நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் விண்ணப்பப் பரிசீலனைப் பிரிவில் உட்கார்ந்து, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன். ஒரு மனிதர் தன் கல்யாணத் தேதியை மறந்து காலியாக விட்டதற்காக அவரை மூன்று முறை நடக்கவைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில் நீங்கள் ஒரு பாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு நகல் எடுத்தேன். நகலில் பென்சிலால் நிரப்பி, சரிபார்த்து, பிறகு அசலில் பேனாவால் ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஐந்தாவது கேள்வி, நோயாளிக்குக் கோபம் வருமா. மாப்பிள்ளை மூடிய கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வராதுன்னு போடுங்க மாமா" என்று ரகசியமாகச் சொன்னார். உங்கள் அக்கா அடுக்களையிலிருந்தே, "வரும்னு எழுதுங்க. அப்பா மாதிரின்னும் சேத்து எழுதுங்க" என்றாள். அதை எழுத எனக்குச் சம்மதமில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். ஒன்பதாவது, தூங்கும்போது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டுவாரா. உள்ளே என்று தாய், வெளியே என்று கணவன், நீட்டுவது மட்டுமில்லை உதைக்கவும் செய்வாள் என்று கூடுதல் தகவல். பதினான்காவது, ஆறுதல் சொன்னால் அழுகை குறையுமா கூடுமா. இதை நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று கதவருகே போய், "அழாதம்மா" என்றேன். "நான் அழலப்பா, குளுருது" என்றாள். "நோயாளி மறுக்கிறார்" என்று குறித்துக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே என் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

முப்பத்தெட்டாவது கேள்விதான் எங்களைக் கவிழ்த்தது. இடி இடித்தால் பயப்படுவாரா. சின்ன வயதில் பயப்படுவாள், இப்போது எப்படியோ தெரியாது. தெரியாததை எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். குழந்தை வீறிட்டது, தையல்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள், உங்கள் அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள், சம்பந்தப்பட்டவள் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. புதன்கிழமை மாலை இடியுடன் மழை வரலாம் என்று செய்தியில் சொன்னார்கள். சரி, அதுவரை பொறுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆமாம், நான்தான் முடிவு செய்தேன். இதற்கிடையில் உங்கள் அக்கா, கெட்டுப்போன பால் குழந்தைக்கு ஆகாது என்று இடது பக்கம் கொடுப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டாள். பால் இன்னும் இறுகிக்கொண்டது. புதன்கிழமை மழை வரவில்லை. காய்ச்சல் நூற்றிமூன்று வந்தது.

வியாழக்கிழமை காலை இடியை "இன்னும் சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதி ஒருவாறு தாண்டி, கடைசிக் கேள்விக்கு வந்தேன். எழுபத்திரண்டு: நோயாளி தன் சொந்த வார்த்தையில் சொல்வது. இதை வேறு யாரும் நிரப்ப முடியாது என்பதால் பாரத்தை அட்டையில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் குழந்தை பசியில் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு கட்டம்தாம்மா பாக்கி" என்றேன். பேனாவை வாங்கினாள். எழுதிவிட்டு அட்டையை என் பக்கம் தள்ளினாள். "அப்பா, என்னால் முடியவில்லை. என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்."

மூன்று நாளாக இந்தப் பெண்ணைப் பற்றி ஊரையெல்லாம் கேட்டேன், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை ஆட்டோ கொண்டு வருவதற்குள் நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

ஆஸ்பத்திரி வரவேற்பிலும் ஒரு பாரம் கொடுத்தார்கள். நான் கை நீட்டுவதற்குள் அவளே பிடுங்கி, பேரும் வயசும் மட்டும் கிறுக்கிக் கொடுத்தாள். ஒன்பது கட்டம் காலி. வரவேற்பில் இருந்த பெண் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். என் உத்தியோக வாழ்க்கையில் இல்லாத காட்சி. டாக்டரம்மா கேட்டது மொத்தம் நாலு கேள்வி. அதில் இடி இல்லை. "ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்பது ஐந்தாவது. "பாரம் பூர்த்தியாகல" என்று நான்தான் சொன்னேன். அவர் என் நாடியையும் பிடித்துப் பார்க்கலாமா என்பதுபோல் பார்த்தார். பிறகு உங்கள் அக்காவிடம் திரும்பி, "பால் கெட்டுப்போகலம்மா. ரெண்டு பக்கமும் கொடுக்கட்டும், நிறுத்தறதுதான் தப்பு. அழுத்திப் பிசையாதீங்க. இந்த மாத்திரை பால் கொடுக்கறவங்களுக்குக் கொடுக்கறதுதான். பாதியில நிறுத்தாம முழுசா சாப்பிடணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் வெச்சு, கீற வேண்டி வந்திருக்கும்" என்றார். மாப்பிள்ளை மெல்ல முட்டைக்கோஸைப் பற்றிக் கேட்டார். "குளிர்ச்சிக்கு வெச்சுக்கலாம், இதமா இருக்கும். ஆனா அது மருந்து இல்ல" என்றார். மாப்பிள்ளைக்கு அந்தப் பாதி ஜெயமே போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. இன்று ஞாயிறு. அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், எல்லோரையும் அதட்டுகிறாள். ஐந்தாவது கேள்விக்கு இப்போது தயங்காமல் பதில் எழுதுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நூற்றிரண்டு டிகிரி என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியும், போர்வைக்கு வெளியே கால் நீட்டுவாளா என்று விசாரித்த மனிதர் நீங்கள். பச்சை உடம்புக்காரி சாகக் கிடக்கும்போது அவள் கனவில் என்ன வருகிறது என்று கேட்டீர்கள். மூன்று நாளில் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். இனி உங்கள் உருண்டையோ உங்கள் கேள்வியோ இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. உங்கள் அக்காவும் இதை ஆமோதிக்கிறாள் (அவளிடம் இன்னும் சொல்லவில்லை). உங்கள் பார்வைக்காக அந்தப் பாரத்தின் அசலை இதோடு இணைத்திருக்கிறேன். வைத்துக்கொண்டு வெட்கப்படவும்.

தங்கள் துணைவியாருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும் இருக்க என் ஆசிகள். உங்கள் காதுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும். அதை ஒரு காது டாக்டரிடம் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் இன்னும் கோபமாக இருக்கும்
அத்தான்

பி.கு.: உறையில் போடுவதற்காகப் பாரத்தை மடித்தேன். நாலாம் பக்கத்தின் அடியில் "வைத்தியர் உபயோகத்துக்கு மட்டும்" என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா. அந்த மாதிரிக் கட்டத்தை விண்ணப்பதாரர் படிப்பது முறையல்ல என்பதால், இத்தனை நாள் அதன் பக்கம் நான் கண்ணைத் திருப்பவில்லை. இன்று தற்செயலாகப் பார்வை பட்டுவிட்டது. உங்கள் கையெழுத்து. "அத்தான், நூற்றிரண்டு என்றால் என் உருண்டையை நம்பி உட்கார வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த விடாதீர்கள். இந்தப் பாரம் உங்களுக்காகத்தான். கையில் ஒரு வேலை இல்லாவிட்டால் நீங்கள் யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டீர்கள்." மாப்பிள்ளையைக் கேட்டேன். "எல்லாம் அதுலயே எழுதியிருக்கேன், அத்தான் ஒரு எழுத்து விடாம படிப்பாருன்னு வைத்தியர் மாமா சொன்னாரே" என்கிறார். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் உங்கள் அக்கா. கிழிக்கவில்லை. நான் செய்தது எங்கேயாவது எழுத்தில் இருக்கட்டும். மகளிடம் போய், "தப்பு என் மேலதாம்மா" என்று கட்டத்தைக் காட்டினேன். படித்தாள். சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று நின்றேன். இரண்டும் இல்லை. "சரிப்பா, இவளக் கொஞ்சம் பிடிங்க, நான் தூங்கணும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தப் பின்குறிப்பின் எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வலது கையில் பேத்தி தூங்குகிறாள்.