மூக்கில் கனம் வேண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உன் வீட்டுக்காரர் நலம். உன் காரும் நலம், அதாவது நான்கு சக்கரமும் இரண்டு விளக்கும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. என் கைவிரல்கள் பத்தும் இருக்கின்றன, சற்று முன்தான் எண்ணிப் பார்த்தேன். விரலை எதற்கு எண்ணினார் என்று பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெட்ரோல் பங்கில், பழைய டயர் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்று, காரை டிரெய்லரோடு கட்டிய பட்டைகளை நான்காவது தடவையாக இறுக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாய்தான் கிடையாதே தவிர, காது உண்டு. நீ நேற்று போனில் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆணி அடிச்சதா சரித்திரம் கிடையாதுப்பா. சண்டைன்னு காதுல விழுந்துச்சு, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவேன்." மூன்று தடவை விண்ணப்பித்துக் கிடைத்த வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, கார் இல்லாமல் நடக்காது. திங்கட்கிழமை சேர வேண்டும். கிளட்ச் போன காரை, நீ இப்போது குடியேறியிருக்கும் ஊர் மெக்கானிக்கிடம் சேர்த்தால் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். ஆகையால் இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்: சண்டை இல்லை, கார் வருகிறது, நீ வரக் கூடாது.

சாய்கிற டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மாப்பிள்ளையின் ஜீப்புக்குப் பின்னால் மாட்டினோம். அதன் சொந்தக்காரர் விளக்கினார். முன்னால் செருகியிருக்கும் இரும்புப் பின்னை உருவினால், தளத்தின் வால் தரையில் படியும், மூக்கு வானத்தைப் பார்க்கும். கைப்பிடி சுற்றிக் கம்பியால் இழுக்கும் வின்ச்சால் காரை மேலே இழுக்க வேண்டும். கார் டிரெய்லரின் சக்கர அச்சைத் தாண்டியதும் மூக்கு தானாகக் கீழே வந்து உட்காரும், பின்னைத் திரும்பச் செருக வேண்டும், அவ்வளவுதான். "யாரு ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார். நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்றேன்" என்றார்.

காரை அவருடைய முற்றத்துக்கே தள்ளிக்கொண்டு போயிருந்தோம். நான் வின்ச்சைச் சுற்றினேன். மாப்பிள்ளை காருக்குப் பக்கவாட்டில் நடந்தபடி ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பாதித் தூரம் ஏறியதும் கார் அடம் பிடித்தது. கியர் நியூட்ரலில் இல்லை என்று எனக்குப் பட்டது. சொல்லியிருக்கலாம், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு நிற்குமா? "லிப்ட் ரிப்பேர் பாக்கறவருக்கு பட்டன் தெரியும், கியர் எங்க தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டேன். கியர் நியூட்ரலில்தான் இருந்தது. சக்கரத்தடியில் ஒரு கல், அதை எடுத்துப் போட்டுவிட்டு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருடைய மௌனம் உனக்குத் தெரியும், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்ட்டுக்குள் நம்மை வைத்துப் பூட்டியது போல இருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. நீ சொன்னதும் காதில் ஒலித்தது. உன் கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவையாக, வின்ச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்" என்றேன். அவர் முகம் இளகியது. பெருந்தன்மையாக, "விடுங்க மாமா" என்றார்.

விட்டேன்.

கைப்பிடியைத் தடுக்கும் கொண்டியை நான் போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கைப்பிடி விசிறியாகச் சுழன்றது, மாப்பிள்ளை ஒரே தாவலில் சுவரோரம் போய்ச் சேர்ந்தார், உன் கார் பின்பக்கமாகவே இறங்கி, முற்றத்தைக் கடந்து, பழைய டயர்க் குவியலில் போய் மெத்தென்று சாய்ந்தது. "விடுங்கன்னா விட்டுடறதா மாமா!" என்றார். "நீங்கதானே மாப்பிள்ளை விடச் சொன்னீங்க!" என்றேன். இதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளாதே, சொல்லுக்குப் பொருள் என்ன என்பது பற்றிய கருத்துப் பரிமாற்றம்.

இரண்டாம் தடவை கொண்டியைப் போட்டு, ஒவ்வொரு பல்லும் விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சுற்றினேன். கார் அச்சைத் தாண்டியது, மூக்கு இறங்கத் தொடங்கியது. முப்பத்தோரு வருடம் கடை கடையாய்த் தராசு சோதித்தவன் நான். தட்டு தடாலென்று விழுந்தால் பொறுக்காது, கையால் தாங்கி இறக்கித்தான் பழக்கம். ஆகவே ஓடிப்போய் அந்த மூக்கையும் அடியில் கைகொடுத்துத் தாங்கினேன். மாப்பிள்ளை ஓடி வந்து, "விடுங்க மாமா! விடுங்க!" என்று கத்தினார். அடடா, இன்னும் நம்மைச் சமாதானம் செய்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். "இல்ல மாப்பிள்ளை, என்னால விட முடியல, மனசு உறுத்துது" என்றேன். அவர் என் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் கை வெளியே வந்துவிட்டது, சட்டையின் முன் நுனி மட்டும் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் கொண்டுவந்து என்னை டிரெய்லரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். விரல்களை எண்ணியது இதனால்தான்.

இதற்கு மேல்தான் உண்மையான தப்பு நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். டிரெய்லர்காரர், "காரு கொஞ்சம் முன்னாடி தள்ளி நிக்கணும், மூக்குல கனம் வேணும்" என்று சொல்லியிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பக்கம் கனம் கூடினால் அது கள்ளத் தராசு அல்லவா? முன்னும் பின்னும் சரிபாதி நிற்க வேண்டும் என்று காரை ஒன்றரை அடி பின்னால் நகர்த்தச் சொன்னேன். மாப்பிள்ளை, "மாமா, இது தராசு இல்ல" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்து, என் கிழிந்த சட்டையைப் பார்த்தார், சண்டை வேண்டாம் என்று நீ அவரிடமும் சொல்லியிருக்கிறாய் போல, வாயை மூடிக்கொண்டு நகர்த்தினார். நான்கு மூலையிலும் பட்டை கட்டினோம், சங்கிலிகளைக் குறுக்கே மாட்டினோம், எல்லாம் முறைப்படி. ஒரு முறைகேடுதான், அது நான்.

ஊர் எல்லை தாண்டி இறக்கத்தில் ஜீப் வேகம் எடுத்ததும், மூக்கில் கனம் இல்லாத டிரெய்லர் முதலில் ஆடியது. பிறகு ஜீப் ஆடியது. பிறகு நான் ஆடினேன். எதிரே ஒரு லாரி. "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். அவர் பிரேக் பக்கமே போகவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார், பேசாமல் இருந்தார். ஆறு வருடமாக எனக்கு எரிச்சல் மூட்டிய அதே மௌனம்தான் எங்களைச் சாலையில் நிறுத்தி வைத்தது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இந்தப் பங்குக்குள் வந்து நிறுத்தினார். இறங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மகளே. நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்று அவர் வாயை மூடினாரே, அதனால் இரண்டு பேரும் இன்றோடு முடிந்திருப்போம். "ஏன் மாப்பிள்ளை அப்பவே என்னைத் திட்டல?" என்று கேட்டேன். "எப்படி மாமா திட்டறது" என்றார். காரை ஒன்றரை அடி முன்னால் நகர்த்தி, பட்டைகளை மறுபடி கட்டினோம். பிறகுதான் இந்த டயரில் உட்கார்ந்தேன். எழுந்து போய்ப் பட்டையைத் தொட்டுப் பார்க்கிறேன், வந்து ஒரு வரி எழுதுகிறேன், மறுபடி போகிறேன். பங்கில் வேலை செய்பவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

ஆகவே நீ கவலைப்படாதே. வீட்டில் நாங்கள் இருவரும் பூவும் காம்புமாக இருப்போம். தைரியமாக வேலையில் சேர். நீ கை வைக்கிற முழங்கால் எல்லாம் நிமிர்ந்து நடக்கட்டும். சாப்பாட்டு நேரம் தவறாதே. எப்போதும் உன் நலமே நினைக்கும்,

அப்பா.

பின்குறிப்பு: நீ வெளியே போயிருக்கிறாய், உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெக்கானிக் காரைத் திறந்து பார்த்தார். கிளட்ச் இல்லையாம், கியர் பெட்டியே போய்விட்டதாம், ஒரு மாதம் ஆகுமாம். ஆகவே கார் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு. டிரெய்லரை அதன் சொந்தக்காரரின் தம்பி இங்கேயே வந்து வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை தன் ஜீப்பை உனக்கே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பலாம் என்கிறார். இத்தனை கருவிகளையும் தோளில் தூக்கிக்கொண்டு லிப்ட் லிப்ட்டாக எப்படிப் போவீர்கள், ஒழுங்காக ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றேன். "என் பொண்டாட்டிக்கு என் வண்டியை நான் குடுக்கறேன், கேக்க நீங்க யாரு?" என்று கத்தினார். "நான் அவ அப்பன்யா!" என்று நானும் கத்தினேன். மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "தராசு தராசுன்னு என்னைக் கொல்லப் பாத்தீங்களே!" என்று ஆரம்பித்து, கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐந்து மணி பஸ் போய்விட்டது. ஆகவே சண்டை இல்லை என்று எழுதியதையும் அடித்துவிடு. இந்தக் கடிதத்தை ஜீப் கண்ணாடியில் செருகுகிறேன், திரும்பி வந்ததும், வாசல் கேட்டுக்குள் நுழையுமுன் படித்துவிடு. மனுஷன் ஆறு வருடம் கழித்து இப்போதுதான் என்னோடு பேசுகிறார். தயவுசெய்து நடுவில் வந்து சமாதானம் செய்துவிடாதே.