புகைவீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்

பொய் சொல்வதில் எனக்குத் திறமை கிடையாது. ஆர்வம் மட்டும் ஏராளம். (இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் ஈப்போவில் நானே சாட்சி.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கட்டுமானக் குத்தகைக்காரரிடம் வரைபடம் போடும் வேலை. வரைபடம் என்றதும் மாளிகைகளை நினைத்துவிடாதீர்கள். நான் வரைந்ததெல்லாம் சாக்கடை. புனிதாவைப் பெண் கேட்டுக் கமுந்திங்குக்குப் போனபோது, அவள் அப்பா முனியாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பார்வையில் குறையுள்ள சரக்கு எதுவும் தப்பாது.

"தம்பி என்னா வேல செய்யிறீங்க?"

சாக்கடை என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஆர்க்கிடெக்ட் தணிகைநாதன்கிட்ட ஆறு மாசம் வேல கத்துக்கிட்டேன், அங்கிள்" என்றேன்.

தணிகைநாதன் என்றால் ஈப்போவில் தெரியாதவர் இல்லை. அவர் கட்டிய கட்டடங்களைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் மாணவர்கள் வருவார்கள். அந்த வாரம்தான் நாளிதழில், 'புகழ்பெற்ற கட்டடக்கலைஞரின் முன்னாள் இல்லம் இனி அருங்காட்சியகம்' என்ற தலைப்பைப் பார்த்திருந்தேன். தலைப்பை மட்டும். முன்னாள் இல்லம், அருங்காட்சியகம் என்றால் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? மறுத்துப் பேச ஆள் இல்லை என்ற தைரியம் எனக்கு.

முனியாண்டி அங்கிளின் முகம் மலர்ந்தது. "அப்படியா! சனிக்கிழம எல்லாரும் போலாம். நீங்களே சுத்திக் காட்டுங்க."

போனோம். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், ஒரு பழைய ரப்பர் தோட்டம். நிர்வாகி பங்களாவைத் தணிகைநாதன் வீடாக்கியிருந்தார். ரப்பர் பால் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் புகைவீட்டை ஸ்டூடியோவாக்கியிருந்தார். சுவரில் இன்னும் புகை வாசம் இருந்தது. நான் முன்னால் நடந்து, "இங்கதான் சார் யோசிப்பாரு", "இந்த சன்னல்கிட்டதான் என்னைத் திட்டுவாரு" என்று அளந்துகொண்டே போனேன். புனிதா என்னைப் பெருமையோடு பார்த்தாள். (அவள் என்னை அப்படிப் பார்த்த கடைசி நாள் அது.)

வரையும் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே, மேசை நாற்காலியில், அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு முதியவர் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் தின்றுகொண்டிருந்தார். வரைபடத்தின் மேல் தூள் உதிர்ந்தது.

என் குருபக்தி பொங்கியது. "அங்கிள், எந்திரிங்க லா! அது செத்துப்போன மனுசன் நாற்காலி. கொஞ்சம் மரியாத வேணாமா?"

முதியவர் மெல்லுவதை நிறுத்தினார். "செத்துட்டாரா? எப்ப?"

"போன வருசம்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

பின்னால் முனியாண்டி அங்கிள் நிற்கிறார். விடுவேனா? "அவரு எனக்கு அப்பா மாதிரி. சவப்பெட்டிய ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன்" என்றேன். சொல்லும்போதே என் கண் கலங்கியது. (நடிப்பு இல்லை; எனக்கே துக்கம் வந்துவிட்டது.)

முதியவர் அக்கறையோடு கேட்டார்: "கனமா இருந்தாரா?"

"இல்ல அங்கிள். கடைசி காலத்துல ரொம்ப எளச்சுட்டாரு."

அப்போது வழிகாட்டிப் பெண் கையில் தண்ணீர்க் குவளையோடு ஓடிவந்தாள். "தணிகைநாதன் சார்! மாத்திர போடாமலே கறிபாப் சாப்பிடுறீங்களா?" பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "சார் இப்ப சித்தியவான்ல மக வீட்ல இருக்காரு. சனிக்கிழமயானா இங்க வந்துடுவாரு."

என் காதுக்குள் ஏதோ விசிலடித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதுகில் முனியாண்டி அங்கிளின் பார்வை மட்டும் சுட்டது.

தணிகைநாதன் மாத்திரையை விழுங்கிவிட்டு, முனியாண்டி அங்கிளிடம் சாவகாசமாகச் சொன்னார்: "தம்பி தூக்கியிருக்கலாம், அண்ணே. எனக்கு ஞாபகம் இல்ல. நான் படுத்திருந்தேன்லா."

திரும்பும் வழியில் என்னை ஈப்போ பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டு வாரம் புனிதா போனை எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் நானே கமுந்திங்குக்குப் போய், வாசலில் நின்றபடி, "நான் வரையிறது சாக்கட, அங்கிள். ஆறு வருசமா சாக்கட மட்டும்தான்" என்று ஒப்புக்கொண்டேன்.

உள்ளேயிருந்து புனிதாவின் குரல் வந்தது: "அப்பா, இவரையே கட்டிக்கிறேன். பொய் சொன்னா ஒரு வாரம்கூடத் தாங்கல. இவரால என்னை ஏமாத்தவே முடியாது."

முனியாண்டி அங்கிள் சிரிப்பை அடக்க முயன்று, இருமி, கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

கல்யாணத்துக்கு எனக்குத் தெரியாமல் அவர் தணிகைநாதனுக்கும் பத்திரிகை வைத்துவிட்டார். மனிதர் பட்டுச் சட்டையில் மேடையேறி, ஒலிவாங்கியை வாங்கி, "மாப்பிள தூக்கின பெட்டிக்குள்ள இருந்தவன் நான்தான்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மண்டபம் அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்சாப்பில் யாருடைய மரணச் செய்தி வந்தாலும் யாரும் உடனே அனுதாபம் சொல்வதில்லை. மாமனாரிடமிருந்து எனக்குத்தான் முதலில் அழைப்பு வரும்:

"மாப்பிள, இவரு நெசமாவே போயிட்டாரா, இல்ல நீங்க தூக்கினதா?"