எருமை வாங்கிய பாதி மொழி

ஒரு காட்டில் சடையாண்டி என்றோர் எருமை இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். தெரிந்தால் பட்டா வாங்கப் போகிறீர்களா?

அந்த வருஷம் குளம் வற்றிவிட்டது. சடையாண்டியின் கன்றுகள் காய்ந்த கோரையைச் சப்பிக்கொண்டு கிடந்தன. ஆற்றுக்கு அக்கரையில் யானைகளின் அரசாங்கம். அங்கே வேலை கிடைத்தால் குடும்பத்துக்கே பச்சைப்புல், புரள மடு. ஆனால் நேர்காணல் யானை மொழியில்தான் நடக்கும். சடையாண்டிக்கோ கழுத்துத் தோல் தொங்கிவிட்ட வயது.

யானை மொழி சொல்லிக்கொடுக்க இக்கரையில் இருந்தது பூரணி என்கிற மைனா மட்டும்தான். கட்டணம்: மாணவர் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்னும் உரிமை. உண்ணி போனால் எருமைக்குத்தானே லாபம் என்பீர்கள். வியாபாரம் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். தனக்கு வேண்டாததைக்கூடச் சும்மா விட்டுத்தராதவன்தான் பிழைப்பான்.

"முழு மொழிக்கு முழு முதுகு," என்றது பூரணி.

"வலப் பக்கம் காக்காய்க்குப் பேசிட்டேன் டீச்சர். இடப் பக்கம் மட்டும்தான்."

"அப்போ பாதி மொழிதான் வரும்ணே. பேசுறதா, புரிஞ்சுக்கிறதா?"

சடையாண்டி அசைபோட்டது. "பேசுறதையே குடுங்க. அதுலயும் எங்க சொன்னாலும் பொருந்துற மாதிரி நாலு வாக்கியம் போதும்."

"எதிராளி என்ன சொல்றான்னு தெரிய வேணாமா?"

"அது அவன் பாடு டீச்சர்."

பாடம் தொடங்கியது. உச்சரிப்பு பிசகினால் பூரணி காதில் ஒரு கொத்து கொத்தும். இடப் பக்கத்துக் காதில்தான். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் அல்லவா.

நேர்காணல் நாள் வந்தது. மூன்று யானைகள் நின்றன.

"என்ன வேலை தெரியும்?" என்று மூத்த யானை கேட்டது. சடையாண்டிக்கு அது தூரத்து இடியாகக் கேட்டது.

"வணக்கம், உட்காருங்கள்," என்றது எருமை.

யானைகள் உட்கார்ந்தன.

"இங்கே தினமும் அழுதுகொண்டு வருவார்கள். சமாளிப்பாயா?"

"உங்கள் வருத்தம் எனக்குத் தெரியாதா?"

"கேட்டதற்கு நேராகப் பதில் சொல்."

"ஆகட்டும், பார்க்கலாம்."

மூத்த யானைக்குக் கோபம் தலைக்கேறியது. மிதித்து ஆற்றில் தள்ளிவிடுவதாகப் பிளிறியது. எருமை மேல் மழை பெய்தது.

"நாளைக்கு வாருங்கள்," என்றது சடையாண்டி, அசைபோட்டபடியே.

யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குறைதீர்ப்பு அதிகாரியின் நாற்காலி அப்போது காலியாகக் கிடந்தது. அதில் முன்பு உட்கார்ந்திருந்தது ஒரு மான். எல்லார் குறையையும் கேட்டுக் கேட்டு இளைத்து, ஒருநாள் ஓடியே போய்விட்டது. அந்த நாற்காலி அன்றே சடையாண்டிக்குக் கிடைத்தது.

சில மாதம் கழித்து, டோக்கனை அலகில் கவ்விக்கொண்டு பூரணி சடையாண்டியின் அலுவலக வரிசையில் நின்றது. 'குறைகளை யானை மொழியில் மட்டுமே சொல்லவும்' என்று பலகை தொங்கியது. பூரணி சுத்தமான யானை மொழியில் சொன்னது: யானைகள் ஆற்றைத் தாண்டி வந்து முதுகு சொறிய என் மரத்தில் தேய்க்கின்றன, கூடு ஆடுகிறது, உள்ளே முட்டைகள் இருக்கின்றன.

"நாளைக்கு வாருங்கள்," என்றார் அதிகாரி.

மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் பூரணி மேசை மேலேயே வந்து உட்கார்ந்து, நம் பேச்சில் கிசுகிசுத்தது.

"அண்ணே, நான் சொல்றது புரியுதா இல்லையா?"

"அந்தப் பாதியை நான் வாங்கலையே டீச்சர்."

"கூடு விழப்போகுதுண்ணே."

"நம்ம பேச்சுல சொன்னா இங்க செல்லாது. பலகையைப் பாருங்க."

"சரி, மீதி மொழியை இனாமாவே சொல்லித்தரேன். ஒரு உண்ணிகூட வேணாம்."

சடையாண்டி ஜன்னல் வழியே பார்த்தது. கன்றுகள் மடுவில் கழுத்து வரை அமிழ்ந்து கிடந்தன.

"வேணாம் டீச்சர். புரிஞ்சிட்டா நானும் மான் மாதிரி ஓட வேண்டியதுதான். புள்ளகுட்டிக்காரன்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து சொன்னது: "நாளைக்கு வாருங்கள்."

உச்சரிப்பில் டீச்சரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீதி: எதையும் பாதி விலைக்குப் பேசி, பாதியாக வாங்கு. மீதியை இனாமாகத் தந்தாலும் வாங்கிவிடாதே.