அக்காவின் குழம்பும் செலவு வரம்பும்

பொழிச்சலூர்,
வியாழக்கிழமை.

கார்ப் பந்தயக் கழகத்தின் விதிக்குழுச் செயலாளரும் என் மைத்துனனுமாகிய ஜாய்சனுக்கு, தனசிங் எழுதுவது.

என் காரைக் கடைசிப் பந்தயத்திலிருந்து நீ நீக்கியது அநியாயம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அக்கா தபீதாளும் மகள் டெபோராவும் இங்கே சுகம். அங்கே நீயும் உன் குடும்பமும் சுகமாயிருக்க உன் அக்கா ஜெபிக்கிறாள். நான் இந்த வாரம் ஜெபிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஜெயிப்பவருக்குத்தான் இந்த வருடக் கோப்பை. நம் காரை ஓட்டும் டெபோராவும் கேளம்பாக்கம் கேஷவ் டீமின் பையனும் புள்ளியில் சமமாக நிற்கிறார்கள். மறைமலை நகர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் வந்து, என்னோடு ஷெட்டில் கிரீஸைப் பூசிக்கொண்ட பெண் அவள். செலவைக் குறைக்கிறோம், ஒரு டீம் வருடத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம், வரம்பு மீறினால் கார் நீக்கம் என்று வருடத் தொடக்கத்தில் நீதான் ஆரம்பித்தாய். பணக்காரர்கள் லேசான சாமான் வாங்கிக் காசைக் கொட்டுகிறார்களாம், அதனால் எல்லாக் காரும் இன்னும் கனமாக இருக்க வேண்டுமாம். நான் காசு கொட்டியா காரை லேசாக்கினேன்? பின் சீட்டைக் கழற்றினேன், கதவின் அட்டையைப் பிய்த்தேன், அவ்வளவுதான். சரி, கனம்தானே வேண்டும் என்று உன் அக்காவின் அம்மிக்கல்லைக் காரின் தரையில் போல்ட் போட்டு முடுக்கினேன். பந்தயம் முடிந்ததும் அதைக் கழற்றிக் கொடுத்தால்தான் வீட்டில் மீன்குழம்பு. உடனே நீ, கல் ஆகாது, இரும்புதான் வைக்க வேண்டும் என்று விதியை மாற்றினாய். தெருமுனைப் பழைய பேப்பர் கடை சவுரிமுத்துவிடம் எடைக்கற்களை இரவல் வாங்கிக் கட்டினேன். பேப்பர் வாங்குகிறவன் எடைக்கல் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொன்றும் மேலே பொறித்திருப்பதைவிடக் கனம். கார் கட்டை வண்டி மாதிரி ஊர்ந்தது, டெபோரா மூன்றாவதாக வந்தாள். உன் ஆட்கள் எல்லார் முன்னாலும் கற்களை நிறுத்துப் பார்த்ததில், பொழிச்சலூர் முழுக்க இத்தனை காலம் ஏமாந்தது வெளியே வந்துவிட்டது. சவுரிமுத்து இப்போது என்னைக் கண்டால் ஷட்டரை இறக்குகிறார்.

அதோடு விட்டாயா? ஓட்டுநரையும் காரோடு சேர்த்து நிறுக்கலாம் என்றாய். இரும்பு வாங்குவதைவிட இது மலிவு என்று உன் அக்கா கறியும் நெய்யுமாகப் போட்டு மகளின் உடம்பைத் தேற்றினாள். பெண் தேறி, கார் சரியான கனத்துக்கு வந்த வாரத்தில் நாலாவது விதி: டீமுக்குப் போடும் சாப்பாடும் செலவு வரம்பில் சேரும், வீட்டில் சமைத்தாலும் ஹோட்டல் விலைதான், அதுவும் முன்தேதியிட்டு! உன் பேச்சைக் கேட்டுப் போட்ட கறியே எங்களை வரம்புக்கு மேலே தள்ளிவிட்டது. போன் போட்டுக் கேட்டால், "அத்தான், விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்கிறாய். ஒவ்வொரு பந்தயத்திலும் காரைப் பரிசோதிக்க வருகிறேன் என்று வந்து, நேரே உன் அக்காவின் தூக்குச்சட்டியைப் பரிசோதித்தவன் யார்? "அக்கா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றது யார் குரல்?

கேஷவுக்கு விதியைப் படிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறான். எனக்கு நான்தான். நேற்று டெபோரா சொன்னாள்: "அப்பா, ஞாயித்துக்கிழமை நான் ஓட்டியே ஆகணும். நம்ம வண்டிய விடலன்னா கேஷவ் சார் ரெண்டாவது வண்டி தர்றேன்னிருக்காரு. நான் போயிடுவேன்." அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, கையில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நீ நாளைக்கே குழுவைக் கூட்டி நாலாவது விதியை அடியோடு எடுக்க வேண்டும். குழுவினர் இனி சீசன் நடுவில் எந்த விதியிலும் கை வைக்கக் கூடாது. கேஷவ் என் மகளிடம் வண்டி பற்றிப் பேசக் கூடாது.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு உன் அக்காவுடையது மட்டும்.

இப்படிக்கு,
தனசிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டெபோரா வந்து சொன்னாள்: கேஷவ் டீம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கேட்டரிங் பிரியாணி இறக்கியதால் அவர்கள் செலவில் எங்களைவிட மேலே போய்விட்டார்களாம், அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாதாம். உன் அக்கா கேட்கிறாள்: "எந்தம்பிக்கு நான் சோறு போட்டது எப்படி டீம் செலவாகும்?" நீ தின்றதைக் கழித்துப் பார்த்தேன். நாங்கள் வரம்புக்குள் வருகிறோம். நாலாவது விதி மிக நல்ல விதி. அதை நீ தொடவே கூடாது. தின்றது தம்பி என்ற முறையில்தான் என்று நீ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். டெபோரா நம் வண்டியை ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், யாரும் மறுபடி கணக்குக் கேட்காதபடி, நீ உன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.