அசிங்கமாக ஓடிய கடிகாரம்

இலங்கைத் தேயிலை மலையில் இருக்கும் ஹட்டன் நகரத்தில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் சரியான நேரம் தெரியாது. கல்யாணத்தில் முகூர்த்தம் தவறியதற்கும், மாப்பிள்ளை வருமுன்பே பந்தி முடிந்ததற்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். ஊரில் இருந்த கடிகாரங்களில் பாதி அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தன. மற்றப் பாதி, அவரிடம் கொடுக்கப் பயந்து வீடுகளில் நின்றுபோய்க் கிடந்தன.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் "பொறுங்க மாஸ்டர்" என்றார்கள். கடிகாரம் எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும், குனிந்த தலை நிமிராமல் "பொறுங்க" என்பார். காரில் வந்து இறங்கும் தோட்டத்துத் துரைக்கும் அதுதான் பதில், கொழுந்துக் கூடையோடு வந்து நிற்கும் பெண்ணுக்கும் அதுதான் பதில்.

நான் தையல்காரன். பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு சின்னக் கடை எடுத்திருந்தேன். வெளிச்சம் நன்றாக விழும் முன்மூலையை அவருக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்பதும் சரியில்லை. ஒருநாள் அவர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். எழும்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடியை இடுக்கியிருப்பார். தேத்தண்ணி குடிக்கப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். ஒருமுறை அந்தக் கண்ணோடு எதிர்த் தேத்தண்ணிக் கடை முதலாளியின் வாயைக் கிட்டப் பார்த்து, "பல்லெல்லாம் துரு புடிச்சிருக்கே, எண்ண போடுறதில்லையா?" என்றார். அது வெற்றிலைக் கறை. கொஞ்ச நாளைக்கு மாஸ்டருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணிதான் வந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

கடிகாரம் கொண்டுவருகிறவர்களை முதலில் விசாரணை செய்வார். ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பட்ட பாட்டை நானே பார்த்தேன்.

"தெனம் எத்தன மணிக்கு சாவி குடுப்பீங்க?"

"அப்புடியெல்லாம் இல்லங்க. கோவம் வந்தா எடுத்துத் திருகுவேன்."

"கோவம் எப்ப வரும்?"

"காலைப் பெரட்டுல ஆள் எண்ணும்போது கொறைஞ்சா வரும். மழை பேஞ்சா வரும். துரை கூப்பிட்டா வரும்."

"சரிதான். இது பழுதாகல. ஒங்களுக்குப் பயந்து நின்னுருக்கு."

இன்னொரு நாள் ஒரு வாத்தியார் வந்து சத்தம் போட்டார். "கடிகாரம் இல்லாம நான் எப்புடிங்க நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போறது?"

"எங்கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி நேரத்துக்குப் போனீங்களா?"

வாத்தியார் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லதான்" என்றார்.

"அப்பொறம் என்னா. பொறுங்க."

அவருக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வேலை சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அவர் தொடங்குவார். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் கட்டையைக் காயவைத்து, பென்சில் மாதிரி சீவி வைத்திருப்பார். அந்தக் குச்சியின் நுனியில் ஏதோ மாவைத் தொட்டு, கடிகாரத்துக்குள் இருக்கும் ஆணிகளின் தலையை மின்ன மின்னத் தேய்ப்பார். கடுகைவிடச் சின்ன ஆணி. மூடியைப் போட்டு மூடிவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்காக ஒரு பகல் முழுக்கத் தேய்ப்பார். தேயிலைக் கட்டையைப் போல இறுக்கமான மரம் இந்த மலையில் இல்லை என்பார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, வெள்ளைத் துரைமார் கப்பலேறிய பிறகுதான் செல்லம்மா வந்தார். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய புருசன் துரை பங்களாவில் சமையல் செய்த அப்பு. துரை போகும்போது தன் கையில் இருந்த தங்கக் கடிகாரத்தைக் கழற்றி அப்புவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அடுத்த மழைக்காலத்தில் அப்பு இறந்துபோனார். கடிகாரமும் நின்றுவிட்டது.

"நான் ஊருக்குப் போகப்போறேங்க. இந்தியாவுக்கு" என்றார் செல்லம்மா. "துறையூர் பக்கத்துல எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இருக்காரு. இவரு சின்னப் புள்ளையா இங்க வந்தவரு. இத்தன வருசம் தேயிலையில என்னா செஞ்சான்னு கேப்பாங்க. காட்டுறதுக்கு இதுதான் இருக்கு. நின்னுபோனதக் காட்டினா, அவனும் இப்புடித்தான் கெடந்தானான்னு சிரிப்பாங்க. ஓடணும் மாஸ்டர். அது போதும்."

மாஸ்டர் பின்மூடியைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, தன் கண்ணில் இருந்த கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதுவரை அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

பார்த்தேன். தகடுகள் எல்லாம் வரி வரியாக, அலை ஓடியதுபோல் இருந்தன. ஒவ்வொரு துண்டின் விளிம்பும் சாய்வாகச் சீவப்பட்டு, மழை விட்டதும் இலை ஓரத்தில் வருகிற வெளிச்சம் மாதிரி மின்னியது. ஆணிகள் நீல நிறத்தில் இருந்தன.

"இத செஞ்சவன் எந்த ஊரோ, எவனோ" என்றார் மாஸ்டர். "மூடுறதுக்கு முன்னாடி இவ்வளவு செஞ்சிருக்கான். எதுக்கு செஞ்சான் தம்பி?"

"துரைமார் கேட்டிருப்பாங்க."

"எந்தத் துரை இத தெறந்து பாத்தான்? என்னைக்காவது ஒருத்தன் தெறப்பான்னு நெனச்சு செஞ்சிருக்கான். இப்ப நான் தெறந்துட்டேன். அவன் என்னையப் பாத்துக்கிட்டு இருக்கான்."

இடமும் வலமும் ஆடுகிற சக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது. மயிரைவிடச் சற்றுத் தடிப்பான ஒரு துண்டு. வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம் அது. அப்படி ஒரு அச்சை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அன்றிலிருந்து என் தையல் மெசினின் ஊசிகள் காணாமல் போகத் தொடங்கின. ஊசியும் கிடைக்காத காலம்தான். "மாஸ்டர், ஊசி" என்பேன். "நல்ல உருக்கு தம்பி" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஊசியைக் கடைந்து கடைந்து ஒரு அச்சைச் செய்தார். மாட்டினார். கடிகாரம் ஓடியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், கடிகாரம் மறுபடியும் பிரித்துக் கிடக்கிறது.

"ஓடுச்சே மாஸ்டர்."

"ஓடுச்சு. அசிங்கமா ஓடுச்சு."

"அசிங்கம்னா?"

"எல்லாரும் பட்டு கட்டிக்கிட்டு நிக்கிற கல்யாண வீட்டுல ஒருத்தன் மட்டும் நனைஞ்ச கம்பளியோட நின்னா எப்புடி இருக்கும்? அப்புடி நிக்கிது நான் செஞ்சது."

முறித்துப் போட்டுவிட்டு இன்னொரு ஊசி எடுத்தார். இரண்டாவது அச்சும் ஓடியது. அதையும் கழற்றினார். இதற்கிடையில் செல்லம்மாவுக்குப் பயண நாள் நெருங்கிவிட்டது. நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

"அந்தம்மா ஓடுனா போதும்னுதான கேட்டாங்க. நாளைக்கு ரயில் ஏறப்போறாங்க. இனிமே வருவாங்களா? குடுத்துருங்க மாஸ்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்பு அங்கேருந்து வந்து என்னா செஞ்சான்னு கேப்பாங்கல்ல தம்பி" என்றார். "நாங்கெல்லாம் இங்க என்னா செஞ்சோம்னும் சேத்துத்தான் கேப்பாங்க." பிறகு குனிந்துகொண்டார்.

மறுநாள் ஹட்டன் ஸ்டேசனில் நிற்க இடமில்லை. போகிறவர்கள் ரயில் பெட்டிக்குள் அழுதார்கள், போகாதவர்கள் வெளியே அழுதார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்த கைகளைக் கம்பியில் இருந்து பிரிக்க முடியவில்லை. ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்களை யாரோ எங்கோ உட்கார்ந்து, இந்தியாவுக்குப் போகிறவர், இங்கேயே இருக்கிறவர் என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நான்.

"குடுங்க மாஸ்டர்" என்று செல்லம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லி மாஸ்டர் ரயிலுக்குள் ஏறிவிட்டார். ரயில் புறப்பட்டது. எனக்கும் ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மூன்றாவதாகச் செய்த அச்சு தயாராக இருந்தது. அதைச் சக்கரத்தோடு மாட்டி உள்ளே வைப்பதுதான் பாக்கி. ஆடுகிற ரயிலில் அந்த வேலையைச் செய்ய முடியுமா? ரயில் ஓடும்போது கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொள்வார். நின்றதும் திறப்பார். ரொசல்லையில் நின்றது, சக்கரத்தைப் பிடித்தார். புறப்பட்டது, மூடினார். எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் அழுகைக்கு நடுவில் இவரைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வட்டவளையில், ரயில் நின்றுவிட்டது என்று நினைத்து அவர் திறந்த நேரத்தில், அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நீல ஆணி ஒன்று பறந்தது.

"யாரும் கால அசைக்காதீங்க" என்றார் மாஸ்டர்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர் சிந்துவதை நிறுத்தினார். ஒரு கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே எல்லோரும் தரையைத் தேடினார்கள். "காதுத் தோடா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். "ஆணி" என்றேன். "ஆணிக்கா இவ்வளவு?" என்றார். ஆனாலும் தேடினார்.

செல்லம்மாவின் சேலை மடிப்பில் அது கிடந்தது. எங்கள் யாருக்கும் அதை எடுக்க வரவில்லை. அவரே இரண்டு விரலால், கொழுந்து கிள்ளுகிற மாதிரி, ஒரே எடுப்பில் எடுத்து மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

நாவலப்பிட்டியில் ரயில் கூடுதல் நேரம் நிற்கும். அங்கே மாஸ்டர் வேலையை முடித்தார். சாவி கொடுத்தார். கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டார். ஆனால் மூடியைப் போடவில்லை. பூதக்கண்ணாடியைக் கழற்றி, செல்லம்மாவின் கண்ணில் வைத்துப் பிடித்தார்.

"பாருங்க."

செல்லம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே கார்ட் பச்சைக் கொடியைக் கையில் எடுத்துவிட்டார்.

"மூச்சு விடுற மாதிரி இருக்குங்க" என்றார் செல்லம்மா. பிறகு கேட்டார், "இதுல நீங்க செஞ்சு வச்சது எது மாஸ்டர்?"

"ஏன், தெரியுதா?"

செல்லம்மா மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"தெரியலைங்க. எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

மாஸ்டரின் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. மூடியை அழுத்தி மூடி, கடிகாரத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். செல்லம்மா அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். நாங்கள் இறங்கவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது. செல்லம்மா கையாட்டவில்லை. இடுப்பில் இருந்த முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கினிகத்தேனை வந்ததும், "கடிகாரத்த அரிசி டின்னுல வைக்க வேணாம், தூசி ஏறும்னு சொல்ல மறந்துட்டேன்" என்றார். அடுத்த வளைவில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கனமான தலை. என் தோள் மரத்துப்போனது. அசையாமல் இருந்தேன்.

கண்டக்டர் டிக்கெட் போட வந்தார், சிங்களவர். தூங்குகிறவரையும் மடியில் இருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தாத்தாத?" என்று கேட்டார். சிங்களத்தில் அப்பாவைத்தான் தாத்தா என்பார்கள்.

"ஓவ்" என்றேன், ஆமாம் என்று.