பெரியம்மா எனில் பல் டாக்டர்

எட்டு வரிகளில் ஏழு வரிகளைக் கோடு போட்டு அடித்தாகிவிட்டது. மிச்சம் நின்ற ஒரே வரியைச் சுற்றிக் கட்டம் போட்டுத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு செவெரின் டிராம் ஏறினான். வார்சாவில் அந்த டிசம்பரில் பனி சீக்கிரமே கொட்ட ஆரம்பித்திருந்தது. அவனுக்குக் குளிரே தெரியவில்லை.

அவன் பல்கலைக்கழகத்தில் தருக்கம் சொல்லிக்கொடுப்பவன். ஒரு கூற்று மெய்யானால் என்ன, பொய்யானால் என்ன, இரண்டு மூன்று கூற்றுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கட்டம் கட்டமாக எழுதிப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதற்கு மெய் அட்டவணை என்று பெயர். அதனால் உலகத்தில் யாருக்காவது உபயோகம் உண்டா என்று, அவன் வழக்கமாகத் தேநீருக்குப் போய்வரும் வீட்டு லியோகாடியா அம்மாள் போன வாரம் தேநீர் மேஜையில் கேட்டுவிட்டாள். உண்டு என்று செவெரின் ரோஷத்தோடு சொன்னான்.

"அப்படின்னா வர்ற ஞாயித்துக்கிழமை என் பெயர்நாள் விருந்துக்கு யாரை யாரைக் கூப்பிடறதுன்னு நீங்களே சொல்லுங்க. எங்க அக்கா கண்டிப்பா வந்தாகணும். மத்தபடி யாருக்கு யாரோட ஆகாதுங்கறது என் பொண்ணுக்குத்தான் தெரியும். அவகிட்டக் கேட்டுக்குங்க" என்றாள் அம்மாள். தன் பெயருக்குரிய புனிதரின் திருநாளான பெயர்நாள், அந்த ஊரில் பிறந்தநாளைவிடப் பெரிது. முழங்கால் வீக்கம் காரணமாக அதற்குப் பிறகு அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தப் பெண் சலோமெயா. அவளைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி கேட்க வேண்டும் என்று செவெரின் ஆறு மாதமாக வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தான். விருந்தை ஒழுங்காக முடித்துக்கொடுத்தால் அதே மேஜையில் வைத்துக் கேட்டுவிடலாம் என்பது அவன் திட்டம்.

முதல் நாள் சலோமெயா இரண்டு விஷயம் சொன்னாள். கர்னலும் பல் டாக்டரும் ஒரே அறையில் இருக்க முடியாது. டாக்டர் முன்பு கர்னலுக்குப் பிடுங்கியது வலித்த பல் அல்ல, வேறு பல். பெரியம்மா வர வேண்டுமானால் சீட்டாடக் கர்னல் வந்தாக வேண்டும். ஆட்கள் மூன்று, வரிகள் எட்டு. பெரியம்மாவும் கர்னலும் வரலாம், டாக்டர் கூடாது என்று கணக்குச் சொன்னது.

அந்தத் தாளைத்தான் இப்போது அவள் கையில் கொடுத்தான். சலோமெயா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு தேநீர் ஊற்றினாள். கசகசா கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி அவன் பக்கம் நகர்த்தினாள்.

பல் டாக்டர் ஞானஸ்நானத்தில் பெரியம்மா கையில் ஏந்திய ஞானப்பிள்ளை என்றும், அவரைக் கூப்பிடாவிட்டால் பெரியம்மா படியேற மாட்டாள் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

செவெரின் அங்கேயே பென்சிலை எடுத்தான். கடைசி வரியும் போயிற்று. எட்டும் பொய். கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் வகுப்பில் அவன் தன்னை அறியாமலே கரும்பலகையில் 'பெரியம்மா எனில் பல் டாக்டர்' என்று எழுதிவிட்டான். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, பெரியம்மா பொய்யாக இருந்தாலும் இந்தக் கூற்று மெய்தானா என்று கேட்டாள். கேள்வி சரியானது. ஆனால் பெரியம்மா பொய்யாக இருக்க லியோகாடியா அம்மாள் அனுமதிக்க மாட்டாள் என்று அவன் பதில் சொன்னான். வகுப்பு அதையும் குறித்துக்கொண்டது.

சாயங்காலம் போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டான். சலோமெயா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தாள். சீட்டுக்குக் கர்னல்தான் வேண்டும் என்றில்லை, பாதிரியார் வந்தாலும் பெரியம்மாவுக்குப் போதும் என்று ஒரு வழி சொன்னாள். செவெரினுக்கு உயிர் வந்தது. ஆட்கள் நான்கு, வரிகள் பதினாறு. வீட்டுக்குப் போய்ப் பதினைந்தை அடித்தான். பெரியம்மா, பல் டாக்டர், பாதிரியார் வரலாம். கர்னல் வேண்டாம்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது வியாழக்கிழமை. அன்று சலோமெயா நீலச் சட்டை போட்டு, தலைமுடியை வேறு மாதிரி முடிந்திருந்தாள். செவெரின் கவனித்தது தாளை மட்டும்தான்.

"நிபந்தனை இவ்வளவுதானே? இனிமே நான் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை" என்றான்.

சலோமெயா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பாதிரியார் வந்தா நீங்க வரக்கூடாதாம். மெய், பொய்யெல்லாம் கட்டத்துக்குள்ள போடற ஆளோட அவர் உக்காந்து சாப்பிட மாட்டாராம்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப என்ன செய்வீங்க?"

"அஞ்சு பேர் ஆயிடுச்சு. முப்பத்திரண்டு வரி" என்றான் செவெரின்.

ஒரு தாள் கேட்டு வாங்கினான். முற்றிலும் நேர்மையாக, தன் பெயருக்கும் ஒரு பத்தி ஒதுக்கினான். பெரியம்மா மெய், ஆகவே டாக்டர் மெய், ஆகவே கர்னல் பொய், ஆகவே பாதிரியார் மெய். அங்கே பென்சில் நின்றது. அரை மணி நேரம் ஒவ்வொரு வரியாக மறுபடி சரிபார்த்தான். எங்கேயாவது தப்புச் செய்திருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டான். தப்பு இல்லை. சலோமெயா எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு வரிதான் நிக்குது. அதுல நான் இல்லை" என்றான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்."

அவள் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். விடை சரியாக இருந்தும் யாரும் சந்தோஷப்படவில்லையே என்று அவனுக்கு இருந்தது. தொப்பியைத் தானே தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். டிராம் ஏறாமல் ஆற்றுப் பாலம் வரை நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் உட்கார்ந்து முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தான். இந்நேரம் அங்கே சூப் பரிமாறியிருப்பார்கள். ஆறு மாதமாக அமைத்த வாக்கியம் மனசுக்குள் தானாக ஓடியது. இலக்கணப்பிழை ஒன்றுமில்லை, சொல்லத்தான் வழியில்லை. லியோகாடியா அம்மாளுக்கு வாழ்த்து அட்டை ஒன்று எழுதினான். வராததற்குக் காரணம் இணைத்துள்ள அட்டவணையில் காண்க என்று சேர்த்தான். பிறகு அது சரியில்லை என்று கிழித்துப் போட்டான்.

கதவைத் தட்டியது அந்த வீட்டு வேலைக்காரி பெட்ரோனெலா. தலைத்துணியெல்லாம் பனி. கையில் துணி மூடிய தட்டு. ஓட்டமும் நடையுமாக வந்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

"அம்மா கொடுத்துவிட்டாங்க. ஏன் வரலைன்னு கேட்டுட்டு வரச்சொன்னாங்க" என்றாள்.

பாதிரியார் வந்திருக்கிறாரே என்றான் செவெரின். வந்திருக்கிறார், அவர்தான் அந்தத் தருக்கக்காரத் தம்பி எங்கே என்று மூன்று தடவை விசாரித்துவிட்டார் என்றாள் அவள்.

பெரியம்மா வந்தாளா என்றான். வந்தாள். கர்னலும் வந்தார். டாக்டரும் கர்னலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தர் கைச்சீட்டை ஒருத்தர் எட்டிப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

செவெரின் மேஜை இழுப்பறையைத் திறந்து, வியாழக்கிழமை வீடு திரும்பியதும் எழுதி வைத்த அட்டவணையின் நகலை எடுத்தான். விரலை வைத்துத் தேடினான். அது இரண்டாவது வரி. அவனே இரண்டு கோடு போட்டு அடித்த வரி.

"அப்படி நடக்க வழியே இல்லை. டாக்டர் கர்னலுக்குத் தப்பான பல்லைப் பிடுங்கினார்" என்றான்.

பெட்ரோனெலா தட்டை மேஜைமேல் வைத்தாள். தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கர்னலய்யாவுக்கு நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்தே ஒரு பல்லும் கிடையாதுங்க; நீங்க தினமும் வீட்டுக்கு வரணும்னு சலோமெயாம்மாதான் நாளுக்கு ஒரு சண்டையா இட்டுக்கட்டிச் சொன்னாங்க."